மணி அடித்துவிட்டுக் கேட்டவர்

மின்சார மீட்டர் பார்க்க வந்தவனோடு வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தொலைபேசி வந்தது. பூட்டிக் கிடந்த அறைக்கு எப்படியப்பா இத்தனை யூனிட் ஓடும் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். “மாமா, அம்மா போயிட்டாங்க” என்றது மறுமுனை. “எங்கே போனாங்க?” என்று அதே கோபத்தில் கேட்டுவிட்டேன். அழுகைதான் வந்தது. அது வசந்தாமணியின் மகள் என்பது அப்புறம்தான் உறைத்தது. மீட்டர்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்டை மெதுவாகச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

எருத்தேன்பதிப் பக்கத்து மூத்தவர்களுக்கு அவர் ரேடியோ அம்மிணி. ஆனைக்கரைக்காரர்களுக்கு ஏலக்காய் மேடம். பல்கலைக்கழகத்துக்கு, பணி ஓய்வு பெற்ற விரிவாக்க அலுவலர் ஒருவர். இந்த மூவரில் யாரோ ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூவரும் ஒரே ஆள் என்று தெரிந்தவர்கள் இப்போது கொஞ்சம் பேர்தான் இருக்கிறோம். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் அவரைச் சாந்தமே உருவானவர் என்றார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் குரலை உயர்த்தமாட்டார், உண்மைதான். ஆனால் அவர் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. அதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி என்று ஒன்றை எழுதி என்ன பிரயோசனம்?

எழுபதுகளில் எங்கள் விவசாயப் பல்கலைக்கழகத்துக்குப் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின், தமிழ் பேசும் கிழக்கு ஓரத்தில் ஒரு விதைப் பண்ணை இருந்தது. அதன் தலைவரை நாங்கள் டைரக்டர் சார் என்போம். மலையாளி, நல்ல மனிதர், கனவு காண்பவர். விவசாயிகளுக்கென்று பல்கலைக்கழகமே ஒரு வானொலி நடத்த வேண்டும் என்பது அவருடைய கனவு. காற்றில் ஒலிபரப்ப அரசாங்கத்தைத் தவிர யாருக்கும் அனுமதி கிடையாத காலம் அது. காற்றில்தானே கூடாது, கம்பியில் விட்டால் என்ன என்று அவர் யோசித்தார். விதைக் கிடங்கை ஒட்டிய அறையில் ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக். அங்கிருந்து கம்பத்திலும் பனைமரத்திலும் மாறி மாறிக் கட்டி இழுத்த கம்பி. ஐந்து ஊர்களில், ஆட்கள் கூடும் இடமாகப் பார்த்து ஊருக்கு ஒரு குழாய் ஒலிபெருக்கி. தினமும் சாயங்காலம் விதை, உரம், பூச்சி, சந்தை விலை, வாய்க்கால் தண்ணீர் என்று குழாய் பேசும். கல்யாண வீட்டு மைக் செட்டை நீளமாக இழுத்து வைத்திருக்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்தார்கள். கேலியில் தப்பில்லை, அது அதுதான். ஆனால் இன்று பல்கலைக்கழகம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சமுதாய வானொலியின் பிறப்பு அந்த அறையில்தான் நடந்தது.

அந்த அறையின் ஆபரேட்டர் நான். என் அண்ணன்கள் பாலக்காட்டில் ஜவுளிக் கடையில் உட்கார்ந்து துணி கிழித்துக்கொண்டிருக்க, வால்வையும் வயரையும் கட்டிக்கொண்டு திரிந்த ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் என்னை உருப்படாதவன் கணக்கில் எழுதி வெகுநாள் ஆகியிருந்தது.

வசந்தாமணி விவசாயப் படிப்பு முடித்து, பெண்கள் பகுதி நடத்துவதற்காக வேலைக்கு வந்தார். அந்தப் பக்கத்துக் கவுண்டர் வீட்டுப் பெண். ஊறுகாய் போடுவது பற்றியும் கோழி வளர்ப்பது பற்றியும் வாசித்துவிட்டுப் போக வேண்டியதுதான் அவருடைய வேலை. மற்ற பகுதிகளெல்லாம் தலைமையிடத்திலிருந்து மலையாளத்தில் வரும். நான் அதைச் சுத்தத் தமிழில் பெயர்ப்பேன். ‘நிலக்கடலைப் பயிரினைத் தாக்கும் இலைப்புள்ளி நோயானது’ என்று குழாய் முழங்கும்போது, டீக்கடையில் ஆட்கள் கைகட்டி நின்று பயபக்தியோடு கேட்பார்கள். ஒரு எழுத்தும் உள்ளே போகாது. ஒருநாள் வாசிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். வசந்தாமணி தாளைக் கையில் எடுத்தார், ஒரு முறை பார்த்தார், கவிழ்த்து வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். “ஏனுங்க, கள்ளக்காயி எலையில கருப்பாப் பொட்டுப் பொட்டா உழுகுதுங்களா? அதையச் சும்மா உட்டறாதீங்க.” டீக்கடையில் கைகட்டி நின்றவர்கள் அன்று கையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்து கேட்டார்களாம். மறுநாளிலிருந்து அறை அவருடையதாகிவிட்டது. என் சுத்தத் தமிழுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதை ஒலிபரப்புவதானாலும் முதலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், அது யாருக்குப் பொருந்துமோ அவர்களில் ஒருவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு வருவார். பெண்கள் சைக்கிள் ஓட்டினால் ஊரே நின்று பார்க்கும் காலம். அவர் கண்டுகொள்ளமாட்டார். அதுவும் தலையாட்டுகிற ஆளிடம் போகமாட்டார், வம்புக்காரராகப் பார்த்துப் போவார். எதற்கு இந்த அலைச்சல் என்று கேட்டேன். “குழாய் பேசுனா ஊரே கேக்குமுங்க காதரண்ணா. ஆனா ஒருத்தரும் எதுத்துப் பேச முடியாது பாருங்க. அதனால எதுத்துப் பேசற ஆளாப் புடிச்சு, மொதல்ல அவருகிட்டப் பேசிப்போட்டு வந்தறோணும்” என்றார். அப்போது நான் அதை ஒரு பெண்ணின் வீண் பயம் என்றுதான் நினைத்தேன்.

மைக் முன் உட்கார்ந்தால் அவர் முகமே வேறு மாதிரி ஆகும். தனக்கு முன்னால் சுவர்தான் இருக்கிறது என்பது அவருக்கு மறந்துபோகும். கையை ஆட்டுவார், சிரிப்பார், யாரோ எதிரில் உட்கார்ந்து சந்தேகம் கேட்டது போல நிறுத்தி, “அதுக்கில்லீங்க” என்று விளக்குவார். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தபோது, மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் இந்த வேலையை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். “எனக்கு இந்த ரூம்பு போதுமுங்க. தலைமையிடத்துல பெரிய வேல குடுத்தாலும் போகமாட்டேன்” என்பார். நானும் அவரை வேறு எங்கும் கற்பனை செய்து பார்த்ததில்லை.

பிறகு தண்ணீர் விஷயத்தில் ஒரு தப்பு செய்தோம். வாய்க்காலின் தலைப்பு தமிழ்நாட்டுப் பக்கம், கடைமடை எங்கள் பக்கம். மதகு திறக்கும் நாளை அங்கிருந்து தொலைபேசியில் சொல்வார்கள். ஒரு வருஷம் அந்த நாளையே தண்ணீர் வரும் நாள் என்று ஒலிபரப்பிவிட்டோம். வழியெல்லாம் மேல்மடைக்காரர்கள் பாய்ச்சி முடித்த பிறகுதான் கடைமடைக்குத் தண்ணீர் வரும் என்பது அந்த மண்ணில் பிறந்த வசந்தாமணிக்கே அன்று தோன்றவில்லை. அவசரச் செய்தி என்பதால் யாரிடமும் சொல்லிப் பார்க்கவும் போகவில்லை. அம்மிணியே சொல்லியாயிற்று என்று ஆட்கள் புழுதிக் காட்டில் கடலை விதையைப் போட்டுவிட்டார்கள். தண்ணீர் வரவில்லை. விதையை எறும்பும் மயிலும் தின்று தீர்த்தன.

அந்த வாரம் ஒரு ஊரில் குழாய் பேசவில்லை. கம்பி அறுந்திருக்கும் என்று நானும் வசந்தாமணியும் ஆளுக்கொரு சைக்கிளில் போய்ப் பார்த்தோம். கம்பி நன்றாகத்தான் இருந்தது. குழாயின் வாயில் ஒரு கோணிச் சாக்கு, உள்ளே கம்பால் குத்தித் திணித்திருந்தது. டீக்கடைக்காரர் வாயைத் திறக்காமல் தாடையால் ஒரு காட்டுப் பக்கம் காட்டினார். அங்கே நஞ்சப்பன் என்ற விவசாயி வெறும் நிலத்தில் நின்றுகொண்டிருந்தார். ஊரிலேயே பெரிய குரல் அவருடையது. அவர் வரப்பில் நின்று பேசினால் அடுத்த ஊரில் மாடு மிரளும் என்பார்கள்.

“ஏனுங்ணா, குழாய்ல சாக்கத் திணிச்சது நீங்களுங்களா?”

“நாந்தே. இப்ப என்னங்கற? உன்ர பேச்சக் கேட்டு வெதையப் போட்டுப்போட்டு நிக்கறேன். ஏஞ்சொன்னேன்னு அந்தக் குழாய்கிட்டப் போயிக் கேட்டா, அது பாட்டுக்கு மாட்டுக்கு மடிநோவு வந்தா என்ன பண்ணோணும்னு பேசீட்டே இருக்குது. நாஞ்சொல்றது அதுக்குக் கேக்குமா? கேக்காதில்ல? அதான் அதும் வாய அடச்சுப்போட்டேன்.”

அரசாங்கச் சொத்தைச் சேதம் செய்தால் என்ன ஆகும் தெரியுமா என்று நான் எகிறினேன். வசந்தாமணி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நீங்க சொல்றது நாயந்தானுங்ணா” என்று சொல்லிவிட்டு அந்த வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நஞ்சப்பன் திட்டி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்து கேட்டார். அன்று சாயங்காலம், டைரக்டர் சாரிடம் கேட்காமல், மைக்கில் “தப்பு என்ரதுதானுங்க” என்று நடந்ததை நடந்தபடி சொன்னார். தலைமையிடம் தாம் தூம் என்று குதித்தது. வசந்தாமணியின் யோசனையெல்லாம் வேறு எங்கோ இருந்தது.

“காதரண்ணா, அந்த ஊர்ல நின்னு நஞ்சப்பண்ணன் திட்டுனா, நம்ம ரூம்புல கேக்கறாப்பல பண்ண முடியுங்களா?” என்று கேட்டார்.

முடியாது என்று பெரிய நிபுணன் போல உதட்டைப் பிதுக்கினேன். ஆனால் ராத்திரியெல்லாம் அந்தக் கேள்வி அரித்தது. குழாயும் மைக்கும் அக்கா தங்கை மாதிரிதான். மின்சாரத்தைக் கொடுத்தால் குழாய் சத்தம் கொடுக்கும். சத்தத்தைக் கொடுத்தால் துளியூண்டு மின்சாரம் கொடுக்கும். அந்தத் துளியைப் பிடித்துப் பெருக்கினால் போதும். பாலக்காட்டில் ஒரு பழைய சாமான் கடையில் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கிடைத்தது. ஊருக்கு ஒரு சுவிட்ச் வைத்து, கம்பியை முன்னும் பின்னும் திருப்புவது மாதிரி அமைத்தேன். ஒரு மத்தியானம், ஹெட்ஃபோனில் ஆளுக்கு ஒரு காதை வைத்துக்கொண்டு, நஞ்சப்பன் ஊர் சுவிட்சைத் திருப்பினோம்.

அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வது? முதலில் காற்று. பிறகு பனையோலை சலசலப்பு. பிறகு ஒரு ஆடு, பக்கத்தில் நின்று கத்துவது போல. டம்ளரில் டீ ஆற்றும் சத்தம். ஆறேழு மைலுக்கு அப்பால் இருக்கிற ஊர் அந்த அறைக்குள் வந்து நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வசந்தாமணியின் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. “ஊரு பேசுதுங்க காதரண்ணா” என்றார், சத்தமே வராமல்.

பிறகு குழாய்க்குக் கீழே இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். ஒருத்தி தன் புருஷனைப் பற்றி இன்னொருத்தியிடம் சொல்லி அழ ஆரம்பித்தாள். வசந்தாமணி ஹெட்ஃபோனைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டார். “நிறுத்துங்க. சுவிட்ச ஆப் பண்ணுங்க.” நான் நிறுத்தினேன். “அவிகளுக்குத் தெரியாம நாம கேக்கறது களவுங்க.”

இதில் என்ன களவு, அந்த வழியாக நடந்து போனாலும் இது காதில் விழத்தானே செய்யும் என்று வாதாடினேன். என் கண்டுபிடிப்பு அரைமணி நேரம்கூட ஓடவில்லையே என்ற ஆத்திரம் எனக்கு.

“நடந்து போனா நாம வாரத அவிக பாப்பாங்கல்லீங்களா?” என்றார்.

நான் ஹெட்ஃபோனைச் சுருட்டி எடுத்து வைத்தேன்.

மறுநாள் அவர் தன் வீட்டுக் காளையின் கழுத்து மணியைக் கழற்றிக்கொண்டு வந்தார். சட்டம் இதுதான். சாயங்கால ஒலிபரப்பு முடிந்ததும் மைக்கில் அந்த மணியை அடிக்க வேண்டும். “இப்ப நாங்க கேக்கறோமுங்க, பேசுங்க” என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கம்பியைத் திருப்ப வேண்டும். கேட்டு முடித்ததும் மறுபடி ஒரு தடவை மணி அடித்து, “கேட்டாச்சுங்க” என்று சொல்ல வேண்டும். மணி அடிக்காமல் சுவிட்சைத் தொடக்கூடாது, சோதனை பார்ப்பதற்குக்கூட. ஒவ்வொரு ஊருக்கும் போய், குழாய்க்குக் கீழே நின்று, இதை அவரே சொல்லிவிட்டு வந்தார். ஆட்கள் நம்பவில்லை. குழாய்க்கு எப்படிக் காது கேட்கும்? முதல் நாள் மணி அடித்துவிட்டுத் திருப்பியபோது, நஞ்சப்பனின் குரல் ஹெட்ஃபோனைக் கிழித்துக்கொண்டு வந்தது. “ஏ அம்மிணி! நாஞ்சொல்றது கேக்குதா? கேட்டா நான் என்ன சொன்னேன்னு திருப்பிச் சொல்லு பாக்கலாம்!” அவர் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தார். வசந்தாமணி மைக்கைப் போட்டு, அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு, மிச்சத்தை அப்படியே திருப்பிச் சொன்னார். அந்த ஊரில் எழுந்த சிரிப்பு, கம்பி இல்லாமலேயே எங்களுக்குக் கேட்டிருக்கும்.

அதிலிருந்து அந்த நேரம்தான் எங்கள் வானொலியின் உயிராக ஆனது. உரம் வரவில்லை என்பார்கள். பல்கலைக்கழகம் கொடுத்த விதையில் பாதி முளைக்கவில்லை என்பார்கள். ஒரு அண்ணன் தம்பி தகராறு வாரக்கணக்கில் கம்பி வழியாகவே நடந்தது. அரசாங்கத்தைத் திட்டுவார்கள், எங்களைத் திட்டுவார்கள். நஞ்சப்பன் தினமும் வருவார். மந்திரியிலிருந்து வாய்க்கால் காவல்காரர் வரைக்கும் அவர் ஒருவரையும் விட்டு வைத்ததில்லை. வசந்தாமணி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். குறிப்பு எடுக்கமாட்டார். பேனாவைப் பிடித்தால் காது பாதியாகிவிடும் என்பார். ஆனால் மறுநாள் ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வார். அப்படி ஒருவர் கேட்பதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. பேசுகிறவர் ஆறேழு மைலுக்கு அப்பால் இருந்தும், எதிரில் இருப்பது போல அவருக்குத் தலையாட்டிக்கொண்டே இருப்பார்.

நெருக்கடி நிலை வந்தது. பெரிய பட்டணங்களில் நடந்தவை எங்கள் பக்கம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தன. ஆனால் வந்தன. வாயைத் திறந்தால் உள்ளே வைத்துவிடுவார்கள் என்ற பேச்சு சந்தையில் குசுகுசுவென்று ஓடியது. அந்த நாட்களில் ஒரு காலை, டைரக்டர் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் மேலிடத்து அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். எந்த இலாகா என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மிகவும் மரியாதையாகப் பேசினார். உங்கள் கம்பி ரேடியோவைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டேன், அருமையான ஏற்பாடு என்று பாராட்டினார். பிறகு, கொஞ்ச நாளைக்கு ஒரு சிறு உதவி வேண்டும் என்றார். ஒலிபரப்பு முடிந்த பிறகு டீக்கடைகளில் ஆட்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்க வேண்டும். “மணி வேண்டா. மணி இல்லாம கேட்டா மதி” என்றார், மணி இல்லாமல் கேட்டால் போதும் என்பதை மலையாளம் கலந்து.

டைரக்டர் சார் மேசைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரையாச்சும் தேடறீங்களா சார்?” என்று வசந்தாமணி கேட்டார்.

“தேடவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.” பிறகு அவர் சிரித்துக்கொண்டே சேர்த்தார். “உங்களுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும் என்று டைரக்டர் சொன்னார். வேலை இங்கேயே இருக்கும். ஒரு பயமும் வேண்டாம்.”

வசந்தாமணி டைரக்டர் சாரை ஒரு முறை பார்த்தார். பிறகு, “சரிங்க சார்” என்றார்.

எனக்குத் தலையில் யாரோ அடித்தது போல இருந்தது. வெளியே வந்ததும் அவரிடம் சண்டைக்குப் போனேன். களவு என்று எனக்குப் பாடம் நடத்தியது யார் என்று கேட்டேன். நஞ்சப்பனைப் பற்றி யோசித்தீர்களா, அந்த மனுஷர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா, நாளைக்கே பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்று கேட்டேன். அவர் சைக்கிளின் சீட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “சாயங்காலம் வந்துருங்க காதரண்ணா. லேட் பண்ணிப்போடாதீங்க” என்றார். அவ்வளவுதான். அன்று பகல் முழுக்க அவரை நான் மனதுக்குள் வெறுத்தேன்.

சாயங்காலம் அதிகாரி வந்து ஒரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்; இன்னொன்று எனக்கும் வசந்தாமணிக்கும். டைரக்டர் சார் கதவோரம் நின்றார். வசந்தாமணி வழக்கம்போல விலை சொன்னார், கடலைக்கு ஜிப்சம் போடுவது பற்றிச் சொன்னார், முடித்தார். அதிகாரி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். என் கை சுவிட்சுக்குப் போனது. மைக் இன்னும் திறந்துதான் இருந்தது.

வசந்தாமணி மேசைக்கு அடியிலிருந்து மணியை எடுத்து அடித்தார்.

“மணி அடிச்சாச்சுங்க. இப்ப நாங்க கேக்கறோமுங்க. இன்னிக்கு நாங்க மட்டுமில்லீங்க, வெளியூர்லிருந்து பெரியவங்க ஒருத்தரும் வந்து உக்காந்து கேக்கறாங்க. நாளைக்கு மணிச் சத்தம் வந்தாலும் செரி, வராட்டியும் செரி, குழாய் கேட்டுட்டேதான் இருக்குமுங்க. நானு இருப்பனோ என்னமோ தெரியாது. எல்லாரும் பாத்து இருந்துக்கோங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, “திருப்புங்க காதரண்ணா” என்றார்.

ஐந்து சுவிட்சுகளையும் திருப்பினேன்.

அந்த நேரத்தில் எப்போதும் காது கிழியும். ஐந்து ஊர்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கத்தும். அன்று ஒன்றுமே இல்லை. பனையோலை அசைந்தது. எங்கோ ஒரு மாடு அசை போட்டது. ஒரு குழந்தை ஏதோ சொல்ல வாயெடுத்தது, யாரோ சட்டென்று அதன் வாயைப் பொத்திய சத்தம்கூடக் கேட்டது. ஆட்கள் எழுந்து போய்விடவில்லை. அத்தனை பேரும் குழாய்க்குக் கீழே அங்கேதான் இருந்தார்கள், அவர்கள் மூச்சு எங்களுக்குக் கேட்டது. அதிகாரி ஒலியைக் கூட்டும்படி கை காட்டினார். கூட்டினேன். மூச்சுத்தான் இன்னும் பெரிதாகக் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

கடைசியில் நஞ்சப்பன் ஊர்ப் பக்கமிருந்து ஒரு செருமல். வசந்தாமணியின் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. அந்தப் பெரிய குரல், அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதேயில்லை.

“ஏ அம்மிணி, சோறு உண்டாச்சா?”

வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஊரிலிருந்து ஒரு பெண் அதையே கேட்டாள். அதற்கடுத்த ஊரிலிருந்து ஒரு கிழவர். ஐந்து ஊர்களும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு அடங்கின. அதிகாரி ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார், நான் கம்பியை மறுபடி மைக் பக்கம் திருப்பினேன். டைரக்டர் சார் அன்றைக்கு முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தார். வசந்தாமணி மைக்கில், “ஆச்சுங்க, எல்லாரும் போயி உண்ணுங்க. கேட்டாச்சுங்க” என்று சொல்லி மணியை அடித்தார். மதியத்திலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஒரு வாரத்துக்குள் அவரைத் தெற்கே மலைமேல், ஆனைக்கரைப் பக்கத்தில் இருந்த பல்கலைக்கழகத்தின் ஏலக்காய் மையத்துக்கு மாற்றினார்கள். கம்பி வானொலி தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது என்றார்கள். அந்தத் தற்காலிகம் முடியவேயில்லை. நஞ்சப்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஐந்து ஊர்களிலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வசந்தாமணி அதற்குப் பிறகு மைக் முன்னால் உட்காரவே இல்லை. தனக்கு வேறு எதுவுமே வேண்டாம் என்று சொன்ன ஒன்றை அவர் அன்றைக்குத் தெரிந்தேதான் விட்டுக்கொடுத்தார்.

ஒரு தடவை ஆனைக்கரைக்குப் போய் அவரைப் பார்த்தேன். மழையும் அட்டையும் ஏலச்செடியுமாக இருந்த ஊர். அங்கே வேலை செய்த தெற்கத்தித் தமிழ்ப் பெண்கள் அவருடைய ‘ங்க’வைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். “எங்க மேடம் செடியக்கூட வாங்க போங்கன்னுதாம்ல பேசுதாக” என்று ஒருத்தி என்னிடம் சொல்லிச் சிரித்தாள். வசந்தாமணியும் சிரித்தார். அன்று சாயங்காலம் உங்களுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். வேலை போய்விடும், உள்ளே வைத்துவிடுவார்கள் என்றெல்லாம் அவர் பயந்திருப்பார் என்று எண்ணித்தான் கேட்டேன்.

“பயந்தனுங்க காதரண்ணா. நஞ்சப்பண்ணன் வாயத் தொறந்துபோடுவாரோன்னு நடுங்கீட்டுத்தான் உக்காந்திருந்தேன்” என்றார்.

பல வருஷங்கள் கழித்து, காற்றில் ஒலிபரப்பப் பல்கலைக்கழகங்களுக்கும் அனுமதி கிடைத்தது. எங்கள் பல்கலைக்கழகமும் ஒரு சமுதாய வானொலி தொடங்கியது. திறப்பு விழாவுக்கு எங்கள் இருவரையும் பழைய ஆட்கள் என்ற முறையில் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறை, கணினி, நேயர்கள் தொலைபேசியில் பேசும் வசதி. இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று வசந்தாமணியை மைக் முன்னால் உட்கார வைக்கப் பார்த்தார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். அதற்குப் பதிலாக, பேசறவங்களுக்குத் தெரியாம இங்கிருந்து கேக்க முடியுங்களா என்று கேட்டார். எல்லாமே தானாகப் பதிவாகும் என்று அந்த இளைஞர்கள் பெருமையோடு சொன்னார்கள். “அப்ப மொதல்ல அதையச் சொல்லிப்போட்டுப் பேச உடுங்க கண்ணு” என்றார். இன்றும் அந்த வானொலியைக் கூப்பிட்டால், பதிவு செய்கிறோம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். அந்த விதி யாரிடமிருந்து வந்தது என்று அவர்களுக்கு இப்போது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அவருடைய சைக்கிள், படம், அவர் எழுதி வைத்தது என்று எதுவும் என்னிடம் இல்லை. வாழ்நாள் முழுக்க ஒலியோடு கிடந்தவன் நான். நல்ல குரல்களையும் நல்ல பாட்டுகளையும் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டாயிற்று. அவையெல்லாம் ஒவ்வொன்றாக மறந்து வருகின்றன, போகட்டும். ஒரு சாயங்காலம், ஐந்து ஊர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணுக்காகச் சும்மா இருந்ததை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அது ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன், வசந்தாமணி.